ஒரு சுற்றுக்குப் பதினேழு அலறல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஊர் முழுக்க அவரைப் 'பிரேக்' என்றுதான் கூப்பிட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் மட்டும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று யாருக்கும் விளங்காததால் மூன்றே மாதத்தில் 'பிரேக் மாப்பிள்ளை' என்று மாற்றிக்கொண்டார்.

பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு மர ரோலர் கோஸ்டர் இருந்தது. வயது எழுபத்திரண்டு. இரும்பில் செய்த புதுசுகள் மாதிரி அது தலைகீழாகவெல்லாம் தொங்கவிடாது. மெதுவாக ஒரு மேட்டில் ஏறும், உச்சியில் ஒரு கணம் யோசிக்கும், பிறகு எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல இறங்கும். அது போடும் சத்தத்தை வைத்து ஊரார் அதற்குக் 'கடகடா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறு பெட்டி, பெட்டிக்கு நாலு பேர், ஆக இருபத்து நான்கு பேர்.

முப்பத்தோரு வருஷமாகப் பிரேக் செய்தது ஒரே வேலைதான். ஓடி வருகிற வண்டியை நிறுத்துவது. ஏறும் மேடையின் ஓரத்தில் அவர் உயரத்துக்கு ஒரு மரக் கைப்பிடி இருக்கும். வண்டி கடைசி மேட்டைத் தாண்டியதும் அதைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். முந்திக்கொண்டால் வண்டி மேடைக்கு எட்டாமல் நிற்கும். பிந்தினால் மேடையைத் தாண்டிப் போய்விடும். சுற்றுக்கு எட்டு விநாடி வேலை. மீதி நேரமெல்லாம் மனிதர் சும்மா நிற்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்! அந்த மீதி நேரத்தில்தான் அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் நின்றால் முதல் மேட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஜனங்கள் அலறுவது மட்டும் கேட்கும். எந்த இடத்தில், எத்தனை பேர், எந்தப் பெட்டியிலிருந்து என்று பிரித்துக் கேட்க அவர் தானாகவே பழகிக்கொண்டார். சக்கரம் நன்றாக இருந்தால் இடது வளைவு அலறல் சொன்ன நேரத்துக்கு வரும். எங்காவது சக்கரம் முரண்டு பிடித்தால் வண்டி கொஞ்சம் சுணங்கும், அலறலும் அரை விநாடி தள்ளி வரும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரிதான் சுற்றும். பாரம் ஏறித் திரும்பும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். ஆகவே அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் எழுதினார். 'பதினொன்றரை மணிச் சுற்று. இருபத்து நான்கு பேர். அலறியவர் பதினெட்டு. இடது வளைவில் தாமதம். நாலாம் பெட்டி.' அன்று சாயங்காலமே நாலாம் பெட்டிக்கு கிரீஸ் போடுவார். வருஷத்துக்கு ஒரு நோட்டு. மொத்தம் முப்பத்தொன்று.

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கத்துறது கேக்குது, நான் சமையக்கட்டுல இருந்து கத்துறது மட்டும் கேக்க மாட்டேங்குது," என்பாள் அவர் மனைவி. பத்திரம் எழுதும் ஆபீஸில் அவள் தட்டச்சர். மற்றவர்களின் சொத்துகளுக்கு எல்லை எழுதிக் கொடுத்தே கண் பூத்துப்போனவள். நியாயமான புகார்தான். அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை, கேட்கவில்லையோ என்னவோ.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பூங்கா விற்றுப் போனது. வாங்கியவர்கள் கிடங்கு கட்டப்போகிறார்களாம். ஆறு மாதத்துக்குள் கடகடாவை யாராவது எடுத்துக்கொண்டு போகாவிட்டால் விறகுக்குப் போட்டுவிடுவோம் என்று கடிதம் வந்தது. பிரேக் அதை நாலு தடவை படித்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்த மரத்தை யாரோ அடுப்பில் வைப்பார்கள் என்று நினைக்கவே அவருக்கு ஆகவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நகராட்சியில் நடையாய் நடந்ததில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பொட்டல் கிடைத்தது. "கொண்டுவந்து வச்சுக்குங்க. ஆனா காசுன்னு மட்டும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க," என்றார்கள். காசுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று மனைவி சொன்னாள். 'கடகடா பாதுகாப்புச் சங்கம்' உதயமாயிற்று. தலைவர் பிரேக், செயலாளர் மனைவி, பொருளாளர் பூங்காவில் மர வேலை பார்த்துவந்த தச்சர். சங்கத்தின் பொதுக்குழு ஒரே சோபாவில் அடங்கியது.

பிஸ்கட் கம்பெனிக்கு எழுதினார்கள், சிமெண்ட் கம்பெனிக்கு எழுதினார்கள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் ஒரு மெத்தை கம்பெனி மட்டும் பதில் போட்டது. அவர்களிடம் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று இருந்தது. வருஷம் முடிவதற்குள் அதைச் செலவழித்தாக வேண்டும். விண்ணப்பம் மட்டும் பதினாலு பக்கம்.

சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைத்து மனைவி கேள்வி கேட்டாள்.

"பயனாளிகள் யாருன்னு கேக்குது."

"ஏறுறவங்க."

"ஏறுறவங்களுக்கு என்ன பயன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பயம்."

"பயம்னு எழுதினா எவன் பணம் குடுப்பான்? மகிழ்ச்சின்னு போடுறேன். அடுத்தது, பயனை எப்படி அளப்பீர்கள்?"

பிரேக் எழுந்து போனார். பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி மேசைமேல் வைத்தார். முப்பத்தொரு நோட்டும் தூசியோடு விழுந்தன. மனைவி தும்மினாள்.

கம்பெனியிலிருந்து வந்த நிதி அதிகாரி வயதில் சின்னப் பெண். அந்த நோட்டுகளைப் புரட்டியபோது அவள் கண் கலங்கிவிட்டது. "சார், எல்லாரும் 'மகிழ்ச்சி பெருகும்', 'சமுதாயம் மேம்படும்'னுதான் எழுதித் தராங்க. எண்ணிக்கையோட வந்த முதல் ஆள் நீங்கதான்," என்றாள். அவள் ஆபீஸில் மேலே இருப்பவர்கள் எண் இல்லாத காகிதத்தைக் கையாலும் தொடமாட்டார்களாம். உட்கார்ந்து கூட்டி வகுத்து, ஒரு சுற்றுக்குச் சராசரி பதினேழு அலறல் என்று கண்டுபிடித்தாள். ஒப்பந்தத்தில் அதுவே நிபந்தனையாக ஏறியது. பணம் மூன்று தவணை. இடம் மாற்றி ஓட ஆரம்பித்த பிறகு, சுற்றுக்குப் பதினேழு அலறலுக்குக் குறையவில்லை என்று மெய்ப்பித்தால்தான் மூன்றாவது தவணை. வண்டியை மேட்டில் ஏற்றும் மோட்டாரும் சங்கிலியும் அந்தத் தவணையை நம்பி வாடகைக்கு எடுத்தவை. தவணை வராவிட்டால் மோட்டார்க்காரர் கழற்றிக்கொண்டு போய்விடுவார். கடகடா மறுபடி விறகுதான்.

ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நன்றி தெரிவிக்கும் விதமாக எல்லா இருக்கைகளிலும் கம்பெனியின் மெத்தை போடப்படும். நல்லதுதானே என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்ச் சொத்தெல்லாம் வரி வரியாகப் படிக்கிற மனைவிக்குக்கூட அது உறைக்கவில்லை.

பிரித்தெடுப்பதற்குத் தச்சர் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டார். சாக்கட்டியால் போட்டார். பிரித்து அடுக்கிய அன்று மத்தியானமே மழை கொட்டியது. முந்நூற்றுச் சொச்சம் கட்டைகள் ஊர் பேர் தெரியாமல் நின்றன. "அண்ணே, என்னை ரெண்டு சாத்து சாத்துங்க," என்று தச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிரேக் சுத்தியலை எடுத்தார். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் கேட்டு, இது ரெண்டாம் மேடு, இது இடது வளைவின் அடி, இது எதுவுமில்லை, வேலிக்கட்டை என்று பதினொரு நாள் பிரித்துக் கொடுத்தார். இந்த முறை தச்சர் பெயிண்டால் எண் போட்டார். நாலு மாதத்தில் பொட்டலில் கடகடா எழுந்து நின்றது. அதைப் பார்த்த அன்று பிரேக் சந்தோஷத்தில் வழியில் போன டிப்போ டிரைவருக்கெல்லாம் கை கொடுத்தார்.

பிறகு மெத்தைகள் வந்தன. ஒரு சாண் தடிமன், வெளிர் நீல நிறம், ஒவ்வொன்றிலும் 'கண்ணை மூடுங்கள், கவலையை விடுங்கள்' என்று எழுதியிருந்தது. அதில் உட்கார்ந்தால் ஆள் அமிழ்ந்துபோவார். பாதுகாப்புக் கம்பி மடியோடு அழுத்திப் பிடிக்கும். பள்ளத்தில் இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்புமே, வயிறு வாய்க்கு வருமே, அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

முதல் நாள், முதல் சுற்று. பிரேக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். முதல் பள்ளத்தில் மூன்று பேர். இடது வளைவில் ஒருவர், அதுவும் தொப்பி பறந்துபோனதற்காக. வண்டி வந்து நின்றது. "ரொம்ப சுகமா இருந்துச்சு," என்று ஒரு அம்மா இறங்கினார். நாலாம் பெட்டியில் ஒரு பெரியவரை எழுப்ப வேண்டியிருந்தது. "அதுக்குள்ள வந்தாச்சா?" என்றார்.

பிரேக் நோட்டில் 'நான்கு' என்று எழுதினார். எட்டு நாள் ஓடியது. ஒரு சுற்றில்கூட ஆறைத் தாண்டவில்லை. மெத்தையை எடுத்தால் ஒப்பந்தத்தை மீறியதாகும். எடுக்காவிட்டால் பதினேழு வராது. அதிகாரி பரிசோதனைக்கு வரும் தேதி வேறு நெருங்கியது.

"அண்ணே, நான் ஆளுங்களக் கூட்டிட்டு ஏறுறேன்," என்றார் தச்சர். சொன்னபடி தம் ஆட்கள் இருபத்து மூன்று பேரோடு ஏறி, புறப்பட்ட இடத்திலிருந்தே ஊரைக் கூட்டினார். வந்து இறங்கித் தொண்டை கட்டிய குரலில், "எத்தனை?" என்றார்.

"ரெண்டு. ஒருத்தனுக்குக் கண்ணுல பூச்சி விழுந்துது, இன்னொருத்தன் நிஜமாவே பயந்துட்டான்."

"அப்ப நாங்க கத்தினது?"

"அது கத்தல் இல்லப்பா, கூப்பாடு."

வீட்டில் மனைவி பொறுமை இழந்தாள். "பதினேழுன்னு எழுதிட்டுப் போங்களேன்! அந்தப் பொண்ணு உங்க நோட்டத்தான் பாக்கப்போகுது. அங்க யாரு வந்து எண்ணினா? ஒத்தை எண்ணை மாத்திட்டா எல்லாம் காப்பாத்தலாம்."

"காதுல விழாதத எப்படி எழுதுறது?"

"என்னமோ ஊர்ல இருக்கிற உண்மை எல்லாம் உங்க நோட்டுலதான் குடி இருக்கிற மாதிரி!"

அவள் கோபத்தில் பாத்திரத்தை ஒரு குரல் உயர்த்தித்தான் வைத்தாள். கடகடா போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்ற பயம் அவளுக்கு. அது அவருக்கும் தெரியும்.

பரிசோதனை நாளன்று அதிகாரி தனியாக வரவில்லை. கம்பெனியின் முதலாளியே வந்திருந்தார். கூடவே ஆபீஸ் ஊழியர்கள் இருபத்திரண்டு பேர். பொதுமக்கள் வேலிக்கு வெளியே சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். முதலாளி முதல் பெட்டியில் மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அதிகாரியும் மற்றவர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தார்கள்.

வண்டி ஏறியது, இறங்கியது, வளைந்தது, வந்து நின்றது. ஒரு இருமல்கூட இல்லை. மெத்தை பாதி, முதலாளி பாதி.

"எத்தனை சார்?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தாள்.

"பூஜ்யம், மேடம்."

வேலி ஓரத்தில் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பூஜ்யமா?" முதலாளி துள்ளி இறங்கினார். "ஒருத்தர்கூடவா கத்தல? இதுக்குப் பேருதான்யா மெத்தை! அவ்வளவு உயரத்துல இருந்து தள்ளிவிட்டும் ஒரு சத்தம் இல்ல, பாத்தீங்களா? இதையே விளம்பரமாப் போடுறோம். மூணாவது தவணை என்ன, வருஷா வருஷம் பராமரிப்புச் செலவே என்னுது. ஒரே ஒரு நிபந்தனைதான். இனிமே யாரும் கத்தக் கூடாது."

தச்சர் பிரேக்கைக் கட்டிப்பிடித்தார். மனைவி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேண்டியதெல்லாம் கேட்காமலே வந்துவிட்டது. எல்லோரும் பிரேக்கைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அது ஆகாதுங்க ஐயா," என்றார் பிரேக்.

தச்சர் பின்னாலிருந்து கிள்ளினார்.

"ஜனங்க கத்தினாத்தான் சக்கரம் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். எட்டு நாளா ஒண்ணும் தெரியல. எனக்குப் பயமா இருக்குங்க."

"பயப்படுறதுக்குச் சீட்டு வாங்குனவங்க அங்க நிக்கிறாங்க. நீ எதுக்குப்பா பயப்படுற?"

"மெத்தைய எடுத்துட்டு ஒரே ஒரு சுத்து விடுங்க. சத்தம் காதுல விழுந்தா ஓட்டுவேன். இல்லேன்னா இந்தக் கைப்பிடிய நான் தொட மாட்டேன். பணத்த வேற நல்ல காரியத்துக்குக் குடுத்துடுங்க."

எழுபத்திரண்டு வருஷ மரத்தை ஒரு வாய்ச்சொல்லில் போட்டு உடைக்கிறோமே என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. முதலாளியின் முகம் சிவந்தது. அப்போது அந்தச் சின்னப் பெண் தொண்டையைச் செருமினாள்.

"சார், ஒப்பந்தத்துல பதினேழுன்னு இருக்கு. பூஜ்யத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

முதலாளி அவளையும் பிரேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஒரு சுத்து. நான் எதுக்கும் கத்துற ஆள் இல்ல, தெரிஞ்சுக்கங்க."

"ஐயா கடைசிப் பெட்டிக்குப் போயிடணும்," என்றார் பிரேக். "நீங்க கண்ணுக்கு முன்னாடி இருந்தா இவங்க வாயத் திறக்க மாட்டாங்க."

மெத்தைகளைக் கழற்றி மேடையில் அடுக்கினார்கள். வண்டி புறப்பட்டது. பிரேக் கண்ணை மூடிக்கொண்டார். உச்சியில் சங்கிலி விடும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் முதல் பள்ளத்தில் ஆபீஸ் மொத்தமும் வாய்விட்டது. எத்தனை வருஷமாக அடக்கிவைத்ததோ, கணக்குப் பிரிவு ஒரு ஸ்தாயியில், விற்பனைப் பிரிவு ஒரு ஸ்தாயியில். டிப்போவில் பஸ்கள் நின்றன. பிரேக்கின் முகம் மலர்ந்தது. பிறகு இடது வளைவு வந்தது. அவர் முகம் மாறியது.

கைப்பிடியை இழுத்து வண்டியை நிறுத்தினார். "இருபத்திரண்டு, மேடம்."

"இருபத்து நாலு பேரும்தானே கத்தினோம்?" என்றார் முதலாளி. அவர் தலைமுடி நாலு திசைக்கும் நின்றது.

"ரெண்டு பேர் கெட்ட வார்த்தை சொன்னாங்க. அதச் சேக்குறதில்ல. ஒண்ணு மூணாம் பெட்டி." பிரேக் தயங்கினார். "இன்னொண்ணு கடைசிப் பெட்டி."

ஊழியர்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள்.

பிரேக் யாரையும் கவனிக்கவில்லை. "வளைவுல அரை விநாடி தள்ளி வருது. அஞ்சாம் பெட்டி. இன்னிக்கு வண்டி ஓடாது," என்று சொல்லி, சீட்டோடு நின்றவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பெட்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். தச்சர் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே."

"கழட்டு."

மூடியைக் கழற்றியதும் பேரிங் தச்சரின் உள்ளங்கையில் உதிர்ந்தது. இரண்டு குண்டுகள் பாதியாகப் பிளந்திருந்தன. அச்சு சூட்டில் நீலம் பாரித்துக் கன்றிப் போயிருந்தது. எட்டு நாளில் எத்தனை குழந்தைகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து சுகமாக வந்தார்கள் என்று எண்ண யாருக்கும் துணிவில்லை.

முதலாளி கிட்டே வந்து பார்த்தார். "இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"தெரியலீங்க ஐயா. எட்டு நாளா எனக்குக் காதே இல்லையே."

முதலாளி அந்தக் குண்டுகளை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "மெத்தைய எல்லாம் வேன்ல ஏத்தச் சொல்லும்மா," என்றார். அவள் நீட்டிய காகிதத்தில் பதினொன்றாம் பக்கத்து வரியைத் தானே அடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். மூன்றாவது தவணை வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு பிரேக் மேடைப் படியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அப்போதுதான் வழிய ஆரம்பித்தது; நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. மனைவி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்ன மாதிரி நீங்க பதினேழுன்னு எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"எழுதியிருந்தா," என்றார் அவர், "ரெண்டே நாள்ல நானே அத நம்பியிருப்பேன்."